ஆர் உமக்கு மாமா?

திங்கட்கிழமை காலை வந்தால் எங்கள் பள்ளிக்கூடத்து உப அதிபருக்குக் குடும்பப் பாசம் பொங்கிவிடும். ஹட்டன் குளிரில் நாங்கள் பல் கிட்டிப்போய் வரிசையில் நிற்போம். அவர் கம்பளிச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாகப் படிக்கட்டின் மேல் ஏறி நின்று ஆரம்பிப்பார். "எங்கட பள்ளிக்கூடம் ஒரு குடும்பம். அதிபர் தகப்பன். ஆசிரியர்மார் தாய்மார். நீங்கள் எல்லாரும் சகோதரங்கள். விளங்குதோ?" விளங்குது சேர் என்று கத்துவோம். கத்தினால்தான் வகுப்புக்குள் விடுவார்கள். உள்ளே போனால் கொஞ்சமாவது குளிர் குறையும்.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளான நாங்கள் இந்தக் கூட்டத்துக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தோம். ஆனால் அசல் பெரட்டில் கங்காணி இரண்டு வசவு வைத்துவிட்டு ஆளை மலைக்கு விரட்டிவிடுவார். உங்களுக்கெல்லாம் நான்தான் தகப்பன் என்று கழுத்தறுக்க மாட்டார். அந்த நேர்மைக்காகவே கங்காணிமார் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு.

உப அதிபர் பேசியது யாழ்ப்பாணத்துத் தமிழ். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் அப்படிப் பேசினால் அது அவர்கள் வீட்டுப் பேச்சு, கேட்கவும் நன்றாக இருக்கும். இவர் பேசினால் பிறத்தியார் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். கோபம் வந்துவிட்டால் சப்பாத்து கழன்றுவிடும். "என்னாடி மொறைக்கிற?" என்று அசல் லயத்துப் பாஷை வெளியே வரும். ஏனென்றால் அவர் பிறந்தது எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான். தகப்பனார் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலை வெட்டப் போனவர். ஆனால் நகரத்தில் யார் கேட்டாலும் சொந்த இடம் பொல்பிட்டிய, தகப்பனார் மின்நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர் என்று சொல்லிவைத்திருந்தார். அந்த மின்நிலையம் கட்டும்போது இவரே கலியாணம் கட்டி வாத்தியாராகியிருந்தார் என்பது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை. கழுத்துப்பட்டி கட்டியவன் சொன்னால் நம்புகிற ஊர் அது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் என் அம்மாவின் பெரியப்பா மகன். அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. ஆகவே முறைப்படி எனக்கு இருந்த ஒரே தாய்மாமன் அந்த மனிதர்தான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அது எழுபதுகளின் கடைசி. பெண்பிள்ளையை நகரத்துக்கு அனுப்புவதா என்று லயமே கூடி யோசித்தது. அப்பாதான், "மாமன் இருக்கையில என்னா பயம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். நம்ம ஆள் ஒருத்தர் பெரிய பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்பதில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் என்னைச் சேர்த்துவிட்டு வந்தார். அன்றைக்கு உப அதிபர் லீவு.

முதல் திங்கட்கிழமை, அம்மா தலைவாரிவிடும்போது புத்தி சொல்லி அனுப்பினாள். "பாத்தோன்ன 'மாமா'ன்னு கூப்புடு. சேர், கீர்னு கூப்புட்டுறாத. கோவிச்சுக்குவாரு." அம்மா சொன்னது லயத்து நியாயம். லயத்தில் யாரையும் முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சித்தப்பா, அத்தை, மாமா, அண்ணே என்று ஏதாவது ஒன்று. சொந்தக்காரரைப் பதவி சொல்லிக் கூப்பிட்டால் உன் உறவு எனக்கு வேண்டாம் என்று முகத்தில் அடித்த மாதிரி.

குடும்பப் பேச்சு முடிந்தது. சகோதரங்கள் கலையத் தொடங்கினார்கள். அவர் படியிறங்கி என் பக்கமாக வந்தார். நான் வாயெல்லாம் பல்லாக, பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி, "மாமா!" என்று கூப்பிட்டேன்.

முகம் கறுத்துவிட்டது. என் ரப்பர் செருப்பிலிருந்து எண்ணெய் வழிந்த தலைவரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். "ஆர் உமக்கு மாமா? இஞ்ச உறவு கொண்டாட ஏலாது. இது பள்ளிக்கூடம். முட்டுக்கால் போடும்."

குடும்பம் என்று சொன்ன வாய் ஈரம் காயவில்லை, பாருங்கள்.

சரளைக் கல்லில் முட்டி போட்டேன். வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அவளையும் என் பக்கத்தில் முட்டி போடச் சொல்லிவிட்டுப் போனார். அவள் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். அவர்களுக்குத் திருச்சிப் பக்கம் சொந்த ஊர். வெள்ளைக் கவுனில் மண் ஒட்டாமல் மடித்துக்கொண்டு, ஆற அமர விசாரித்தாள்.

"ஏய், நெசமாவே ஒங்க மாமாவா?"

"நெசமா."

"அப்பறம் ஏன் முட்டி போட விட்டாரு?"

"மாமாங்கறதுனாலதான்."

இதற்கும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது, இருந்தாலும் சேர்ந்து சிரித்துவிட்டேன். எங்கள் சிநேகிதம் அங்கேதான் ஆரம்பித்தது. மூன்றாவதாக வந்து ஒட்டிக்கொண்டவள் எங்கள் தோட்டத்து மேற்பிரிவில் இருந்த ஒரு பிள்ளை. அவள் அப்பா தேயிலை ஸ்டோரில் வேலை. வேதக்காரக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்கள். காலையில் நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் தொங்குவோம்.

பள்ளிக்கூட சிநேகிதம் என்றால் தேனே பாலே என்று எழுத எனக்கு வராது. புடவைக்கடைக்காரி என் அழிறப்பரைத் திருடிவிட்டு அந்தோணியார் மேல் சத்தியம் பண்ணுவாள். அவள் சைவ சமயம், அதனால் அந்தோணியார் ஒன்றும் செய்ய மாட்டார் என்று தைரியம். வேதக்காரி மழையில் குடையைத் தரமாட்டாள், கேட்டால் ஒரு வாரம் பேசமாட்டாள். நானும் ஒன்றும் சாது இல்லை. ஆனால் மத்தியானத்தில் என் கோதுமை மா ரொட்டியைக் கண்டால் புடவைக்கடைக்காரி இட்லியைத் தள்ளிவிட்டுப் பிடுங்கித் தின்பாள். எனக்கு இட்லி, அவளுக்கு ரொட்டியும் சம்பலும், வேதக்காரிக்கு இரண்டிலும் பாதி. இதை எங்களுக்கு எந்தப் படிக்கட்டிலிருந்தும் யாரும் சொல்லித்தரவில்லை.

முட்டி போட்ட கதையை நான் வீட்டில் சொல்லவே இல்லை. "மாமா நல்லா இருக்காரா?" என்று அம்மா கேட்பாள். நல்லா இருக்காரு என்பேன். அவர் நன்றாகத்தானே இருந்தார். அவருக்கென்ன குறை?

எட்டாம் வகுப்பில் நான் பெரியவளானேன்.

எங்கள் லயங்களில் அதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மூலையில் உட்கார வைப்பார்கள், தீட்டுக் கழிக்கத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், மாமன் சீர் கொண்டுவந்து மாலை போடுவார். அதோடு அநேகம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. அடுத்த வாரம் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கூட்டிப்போய் வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார்கள். கொழுந்துக் கூடை தலையில் ஏறிவிடும். என் வயதுக்காரிகள் எத்தனையோ பேர் அப்படிப் போனார்கள். படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் அவர்களில் இருந்தார்கள்.

சடங்குக்குப் பிறகும் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புவதாகத்தான் அப்பா நினைத்திருந்தார். அதில் சந்தேகம் இல்லை. சடங்குக்கு நாள் குறித்ததும் வெற்றிலை பாக்குத் தட்டோடு, அதே கறுப்புக் கோட்டில், மாமனை அழைக்க நகரத்துக்குப் போனார். போகும்போது இருந்த முகம் வேறு, திரும்பும்போது இருந்த முகம் வேறு. கோட்டைக் கழற்றாமலே வாசலில் குந்திக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். மூலையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

உப அதிபர் வீட்டு வாசலில் அப்பா நின்றிருக்கிறார். உள்ளே வரச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, ஆர் வந்திருக்கினம் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு நம்முடைய பெரிய மனிதர் சொன்ன பதில்: "தோட்டத்து ஆள். பிள்ளைக்கு லீவு கேட்டு வந்திருக்குது."

"வந்திருக்காருன்னு கூட வேணாம்" என்றார் அப்பா. "வந்திருக்கான்னு சொல்லியிருந்தாக்கூட மனுசன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. 'வந்திருக்குது'ன்னு சொல்றான். ஆடு மாடா நானு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெற்றிலைத் தட்டை அவர் வாங்கவே இல்லையாம். பார்ப்பம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம்.

"மாமனே இல்லாத பள்ளிக்கூடத்துல என் புள்ளைக்கு என்னா வேல? கண்டாக்கையாகிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன். சடங்கு முடிஞ்சோன்ன பேர் பதிஞ்சுரலாம்."

அப்பாவிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை, அவமானப்பட்டவர் அவர். அந்த உப அதிபரை நினைத்துத்தான் பல்லைக் கடித்தேன். அவர் ஒரு வாய் வார்த்தை, வாங்க மச்சான் என்று சொல்லியிருந்தால் என் படிப்பு பிழைத்திருக்கும். மனிதருக்கு அதற்குக் கூட நாக்கு வளையவில்லை. தான் பொல்பிட்டியக்காரர் என்ற பொய்யைக் காப்பாற்ற என்னைக் கொழுந்து மலைக்கு அனுப்பினார். அம்மா மறுநாள் அடுத்த காம்பரா வீட்டிலிருந்து ஒரு பழைய கூடையை வாங்கி வந்து, கிழிந்த இடத்தில் கயிறு கட்டினாள்.

வேதக்காரி தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் லயத்துப் பக்கம் வந்து போவாள். தீட்டு என்று உள்ளே விடமாட்டார்கள், சன்னலில் நின்று பேசுவாள். நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டாள். அதைக் கொண்டுபோய்ப் புடவைக்கடைக்காரியிடம் கொட்டியிருக்கிறாள்.

சடங்கு ஞாயிற்றுக்கிழமை. தண்ணீர் ஊற்றி, ஈரத் தலையோடு என்னைப் பலகையில் உட்கார வைத்தார்கள். "மாமன் சீலை எங்க? மாமன் வரலியா?" என்று யாரோ ஒரு பெரியம்மா தெரிந்தே கேட்டாள். லயத்தில் அப்படி ஒருத்தி எப்போதும் இருப்பாள். அப்பா மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமன் பேரைச் சொல்லித் தன் கலியாணச் சேலையையே எடுத்து வைக்கலாம் என்று அம்மா பெட்டியைத் திறக்கப் போனாள்.

அப்போது வாசலில், "மாமன் சீரு நாங்க கொண்டாந்திருக்கோம்" என்று ஒரு குரல் வந்தது. பார்த்தால் இரண்டு பேரும் நிற்கிறார்கள். புடவைக்கடைக்காரி கையில் தாம்பாளம், அதில் மடிப்புக் கலையாத தாவணி, தேங்காய், பழம், மாலை. வேதக்காரி பூசையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். தலையில் முக்காடு லேஸ்கூட எடுக்கவில்லை.

லயமே சிரித்தது. "பொட்டப்புள்ள எப்புடிடி மாமனாக முடியும்?" என்று அந்தப் பெரியம்மா கேட்டாள்.

வேதக்காரி விடவில்லை. "பள்ளிக்கூடத்துல மாமன் இருக்காருன்னுதானே சேத்தீங்க? நாங்களும் பள்ளிக்கூடத்துலதான் இருக்கோம். அந்த மாமா வரலேன்னா இந்த மாமா."

புடவைக்கடைக்காரி அதற்குள் மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டாள். மாலை பெரிது, மடியில் வந்து விழுந்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் அதே நிலைமைதான்.

சீர் கொண்டுவந்தவர்களுக்கு முதல் பந்தி. இலை போட்டுச் சோறு வைத்தாயிற்று. இரண்டு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள், ஆனால் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

"சாப்புடுங்கம்மா" என்றார் அப்பா.

"திங்கக்கெழம இவள பள்ளிக்கூடம் அனுப்புறேன்னு சொல்லுங்க. அப்பதான் கை நனைப்போம்" என்றாள் புடவைக்கடைக்காரி.

சிரிப்பு நின்றுவிட்டது. விளையாட்டுக்குக் கூட இப்படிச் சொல்லக்கூடாது. மாமன் கை நனைக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அவர்கள் வீட்டுக் கலியாணங்களிலும் இந்தக் கூத்து நடக்கும்தானே. வேதக்காரிக்குப் பசி. பூசைக்காக வெறும் வயிற்றோடு வந்தவள், இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கையை எடுக்கவில்லை.

அப்பா கையிலிருந்த சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் புடவைக்கடைப் பொடிசின் முன்னால் போய்க் குனிந்தார்.

"சாப்புடுங்க மச்சான்" என்றார். "திங்கக்கெழம வருவா."

திங்கட்கிழமை போனேன். மாமன் சீர் போட்டவளை மாமா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? அன்றிலிருந்து தாழ்வாரத்தில், மைதானத்தில், பஸ் நிலையத்தில், எங்கே கண்டாலும் அவளை "மாமா!" என்று கத்துவேன். கத்தும் ஒவ்வொரு தடவையும் உப அதிபர் தன்னை அறியாமல் திரும்பிப் பார்ப்பார். திரும்பிவிட்டு முகத்தைக் கோணுவார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், சிநேகிதியை மாமா எண்டு கூப்பிடுறது என்ன பழக்கம் என்று கேட்டார். "குடும்பம் சேர்" என்றாள் அவள். அதற்கும் முட்டி போட்டோம். மூன்று பேரும் வரிசையாக, மகா சந்தோஷமாக.

எண்பத்து மூன்று ஆடி மாதம், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கடைவீதி எரிந்தது. அவர்களுடைய புடவைக்கடையும் எரிந்தது. அவளும் அவள் வீட்டாரும் கட்டிய துணியோடு மேற்பிரிவுக்கு ஓடிவந்து வேதக்காரி வீட்டில் ஒளிந்திருந்தார்கள். அப்பா மாவும் கருவாடும் எடுத்துக்கொண்டு தேயிலைக்குள்ளால் நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருவார். அடங்கியதும் அவர்கள் திருச்சிக்குப் போய்விட்டார்கள். ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏறும்போது அவள் அழவில்லை. நான்தான் ஊரைக் கூட்டினேன். "நீ பரீட்சைய எழுதுடி, மாமா சொல்றேன்" என்றாள்.

பள்ளிக்கூடம் திரும்பத் திறந்த திங்கட்கிழமை உப அதிபர் படிக்கட்டில் ஏறி எங்கட பள்ளிக்கூடம் ஒரு குடும்பம் என்று ஆரம்பித்தார். வராமல் போன சகோதரங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் உட்கார்ந்த இடம் எங்கள் வாங்குப் பலகையில் காலியாகக் கிடந்தது. அதை ஒரு ஆசிரியரும் கேட்கவில்லை.

மறு வருடம் சாதாரண தரப் பரீட்சை முடிவு வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அதில் நன்றாகச் சித்தியடைந்த முதல் பெண் நான்தான். பள்ளிக்கூடத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவர் மாலையும் பரிவாரமுமாக வந்திருந்தார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அப்போது கொஞ்சம் மவுசு வந்திருந்தது. வாக்குரிமை, அமைச்சு, நியமனம் என்று பேச்சு அடிபட்டது. அதிபர் பதவியும் காலியாகிற நேரம்.

உப அதிபர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நான் அன்றைக்குத்தான் அதிசயத்தைக் கேட்டேன். யாழ்ப்பாணத் தமிழ் போன இடம் தெரியவில்லை. "நானும் தோட்டத்துலதாங்க பொறந்தேன். லயத்துலதாங்க வளந்தேன். இந்தப் புள்ள யாருங்கறீங்க? எனக்குச் சொந்த மருமகளுங்க. எங்க அக்கா மக." பொல்பிட்டியவும் மின்நிலையமும் ஆற்றோடு போய்விட்டன. பெரியவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். என் தோளில் ஒரு கை வந்து விழுந்தது. "மாமாவப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லும்மா" என்று ஒலிபெருக்கியை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

கடைசி வரிசையில் அப்பா கோட்டோடு நின்றார். அம்மா பக்கத்தில் இருந்தாள். தோளில் கிடந்த கையை எடுத்துக் கீழே விட்டேன்.

"எங்க மாமா இங்க இல்லீங்க" என்றேன். "போன வருசம் அவ கடைய கொளுத்திட்டாங்க. அவ திருச்சிக்குப் போயிட்டா. இங்க இருந்திருந்தா அவளும் பரீட்ச எழுதியிருப்பா, என்னவிட நல்லா பாஸ் பண்ணியிருப்பா."

மாமா எப்படி 'அவ' ஆவாள் என்று பெரியவருக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் கூட்டத்தில் கைதட்டுவது அவருக்குப் பழக்கம். அவர் தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். உப அதிபரும் தட்டினார், எல்லோரையும்விடப் பலமாக. பிள்ளைகள் வரிசையில் வேதக்காரி மட்டும் தட்டவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பரிசை மேடையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.